எத்தனை அலகுகள் வேண்டும்?

1

கோபத்தில் எழுதக் கூடாது என்பார்கள். நானும் பன்னிரண்டு வருடம் ஆறவிட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் மதுரா பள்ளிக்கூட வேலையாக ஓர் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரத்தின் ஆற்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, பின்னால் கொஞ்சம் இசை போட்டு, ஆசிரியைக்கு அனுப்ப வேண்டுமாம். அவள் பாவித்தது இணையத்தில் யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய ஒலிப்பதிவு மென்பொருள். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பதிவு முடிந்ததும் சேமிப்பதற்கான பட்டியலைத் திறந்தாள். அதில் முதலாவதாகவே இருந்தது எம்.பி.3. அதை அழுத்தினாள். ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது. கோப்பு தயார்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டேன்.

“என்ன அவ்வளவுதானா?”

“வேற ஒண்டும் கேக்கல்லையா? சட்டச் சிக்கல், தனியா ஒண்ட இறக்கு, அப்பிடி ஒண்டும்?”

“ஏன் கேக்கணும்? அது எப்பவும் இப்பிடித்தானே, பாப்பா.”

பாப்பா என்பது இங்குள்ள பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடும் சொல். தமிழில் அது கைக்குழந்தை என்று அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பாளே தவிர மாற்றமாட்டாள். மற்ற நாட்களில் நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. “எப்பவும் இப்பிடி இருக்கல்ல!” என்று கத்திவிட்டேன். வெங்காயக் கத்தி இன்னும் கையில் இருந்தது. பிள்ளை பயந்துபோய்க் கணினியை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அவள் பிழை ஒன்றும் இல்லை. அவளுக்குத் தவமலரைத் தெரியாது.

2

தவமலர் என் மாமாவின் மகள். எனக்கு மச்சாள் முறை. மட்டக்களப்பில் நான் குருக்கள்மடம், அவள் சித்தாண்டி. நாலு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்குக் கண்பார்வை போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் என்னோடு கதைக்கமாட்டாள். பிரெய்ல் படித்து, பல்கலைக்கழகம் போய், தமிழில் பட்டம் எடுத்தாள். இடையில் யுத்தத்தால் வந்த இடப்பெயர்வில் அவளுக்கு மூன்று வருடம் வீணாய்ப் போனது.

பல்கலைக்கழகத்தில் அவளோடு ஒன்றாகப் படித்தவள் பர்ஸானா. காத்தான்குடிப் பிள்ளை. விரிவுரையில் கரும்பலகையில் எழுதுவதைத் தவமலரின் காதுக்குள் வாசித்துச் சொல்வது பர்ஸானா. பர்ஸானாவுக்கு விளங்காத இலக்கணத்தைப் பிறகு கன்டீனில் வைத்து விளங்கப்படுத்துவது தவமலர். இருவருக்கும் கணக்கு அப்படிச் சரியாகிவிடும்.

பட்டம் கிடைத்தாலும் ஆசிரியர் வேலை சும்மா கிடைக்காது. போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு வயதெல்லை உண்டு. இடப்பெயர்வில் போன மூன்று வருடத்தை அந்த எல்லையில் யாரும் கழித்துத் தரமாட்டார்கள். நான் சொல்லும் அந்த வருடம், தவமலருக்கு எழுத முடிந்த கடைசிப் பரீட்சை. அவளைவிட வயதில் இளைய பர்ஸானாவுக்கு அது முதல் தடவை.

பரீட்சைக்கான புத்தகங்கள் ஒன்றும் பிரெய்லில் இல்லை. தமிழ் அச்சைப் படித்துச் சொல்லும் கணினி அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதும் இல்லை. பர்ஸானாதான் யோசனை சொன்னாள்.

“நான் எப்பிடியும் படிக்கத்தானே வேணும். வாய் விட்டுப் படிக்கிறன். அதப் பதிஞ்சி குடுத்தா ரெண்டு பேருக்கும் ஆச்சி.”

தவமலரிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன ஒலிக்கருவி இருந்தது. தடவிப் பார்த்து அழுத்தக்கூடியதாக மேடான பொத்தான்கள். பார்வையற்றோருக்கு உதவும் ஒரு நிறுவனம் கொடுத்தது. பதிவதற்கு ஒரு கணினி மட்டும்தான் இல்லை. அதை நான் தருவதாகச் சொன்னேன்.

இங்கே மட்டக்களப்பு ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அந்த வருடம் பழைய மடிக்கணினிகள் ஐந்தை ஊருக்கு அனுப்பினோம். மென்பொருளுக்குச் செலவு வராதபடி எல்லாவற்றிலும் கட்டற்ற மென்பொருள்களே போடப்பட்டன. ஐந்தில் ஒன்றைப் போராடி வாங்கி, லீவில் வந்தபோது நானே காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன்.

பர்ஸானாவின் கணவர் கத்தாரில். அவள் தன் அறையின் ஜன்னலைத் தலையணை வைத்து அடைத்து, கதவிடுக்கில் துவாயைச் செருகி, வேர்த்து வழிய இருந்து படித்தாள். தெருவில் ஆட்டோ ஹோன் அடித்தால் நிறுத்துவாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது நிறுத்துவாள். முதல் அத்தியாயம் முடிந்ததும் தவமலர் கைதட்டினாள்.

“நீ படிக்கிறத கேட்டா எனக்கே சோதின பாஸ் பண்ணிருவன் எண்டு தோணுது கா.”

“இன்ஷா அல்லாஹ். இரி, உன்ட பெட்டிக்கு மாத்தித் தாறன்.”

பர்ஸானா எம்.பி.3 ஆகச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சதுரம் வந்தது. இந்த வடிவத்தில் எழுதுவதற்கு வேறொரு மென்பொருள் துண்டு தேவை. காப்புரிமைக் காரணங்களால் அதை எங்களால் சேர்த்துத் தர முடியாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் அவ்வளவுதான்.

3

இதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. உங்களுக்கு மூன்று வரியில் சொல்கிறேன்.

ஒலியைச் சுருக்கும் அந்த முறைக்குச் சில நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருந்தன. சுருக்கிய பாட்டை நீங்கள் வீட்டில் இருந்து கேட்டால் உங்களை யாரும் தேடி வரமாட்டார்கள். ஆனால் சுருக்கித் தரும் மென்பொருளை ஒருவர் செய்து கொடுத்தால், இலவசமாகவே கொடுத்தாலும், உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். சம்பளம் இல்லாமல் ஓய்வுநேரத்தில் மென்பொருள் எழுதுகிறவர்கள் அதை எங்கிருந்து கட்டுவது? அதனால் அந்தத் துண்டை வெளியே விட்டுவிட்டு, வேண்டுமானால் நீங்களே தேடி எடுங்கள் என்று எழுதி வைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த மென்பொருள் வேறு இரண்டு வடிவங்களில் சேமித்தது. இரண்டையும் தவமலரின் கருவிக்குத் தெரியாது. போட்டால் பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நிற்கும்.

அந்த முறையின் சூட்சுமம் என்ன தெரியுமா? மனிதக் காதுக்கு எது கேட்காது என்று கண்டுபிடித்து, அதை வெட்டி எறிவது. கெட்டித்தனமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் காது ஒன்றையே நம்பிப் பரீட்சைக்குப் படித்த ஒருத்திக்கு அது கேட்காமலே போனது.

உலகம் முழுவதும் ஆட்கள் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, இரண்டு நிமிடத்தில் பொருத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள் என்று பின்னால் அறிந்தேன். ஏறிக் குதித்தவர்களை அந்த வேலி மறிக்கவில்லை. படலையில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்ட எங்களைத்தான் மறித்தது.

ஏன் கேட்டோம்? கணினியில் புதிதாக எதையும் பொருத்துவதற்கான கடவுச்சொல் எங்கள் சங்கச் செயலாளர் சிவபாதம் அண்ணனிடம் இருந்தது. ஜெர்மனிக்குத் திரும்பியதும் அவரிடம் போனேன்.

“தம்பி, நம்ம சங்கம் இந்த நாட்டில பதிஞ்ச சங்கம். நாம போட்டு அனுப்பினா நாமதான் விநியோகிச்ச ஆக்கள் எண்டு வரும். வழக்குப் போட்டாங்களெண்டா?”

“காத்தான்குடியில ஒரு அறைக்குள்ள இருக்கிற கணினிய ஆரண்ணன் வந்து பாக்கப் போறான்?”

“மஞ்சள் உறை ஒண்டு வந்தா தெரியும் உனக்கு.”

இங்கே நீதிமன்றக் கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். சிவபாதம் அண்ணனின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் அப்படித்தான் வந்ததாம். பிறகு எல்லாம் சரிவந்து, குடியுரிமையும் எடுத்துவிட்டார். இருந்தும் தபால்பெட்டிக்குள் மஞ்சள் உறை தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் திறக்காமல் வைத்திருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயந்த மனிதர்கள் கையில் கடவுச்சொல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

4

முறைப்படி அனுமதி கேட்டுப் பார்ப்போம் என்றார் அவர். கேட்டோம். அந்த உரிமங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டோம். பதிலாகப் படிவம் வந்தது. அதில் ‘உற்பத்திப் பொருள்’, ‘விற்பனைப் பிரதேசம்’, ‘ஆண்டுக்கான குறைந்தபட்சத் தொகை’ என்றெல்லாம் இருந்தது. பார்வையற்ற ஒருத்திக்கு ஒரு பாடப்புத்தகம் என்று எழுதுவதற்கு இடமே இல்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இடைவேளை எடுத்து, அங்கிருந்தே அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் எடுத்தார். மரியாதையான குரல். மச்சாளைப் பற்றி, பரீட்சையைப் பற்றி, என்னால் முடிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதில் ‘ஐன்ஹைட்டன்’ என்ற சொல் வந்தது.

‘ஐன்ஹைட்’ என்றால் ஒற்றுமை. இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதற்கு வருடா வருடம் லீவு விடுகிறார்களே, அந்த நாளின் பெயரில் இருந்துதான் எனக்கு அந்தச் சொல் தெரியும். எத்தனை ஒற்றுமை வேண்டும் என்று இவர் ஏன் கேட்கிறார்? என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், “நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம். அவள் தமிழ், தோழி முஸ்லிம், பிரச்சினை இல்லை” என்றேன்.

பிறகு அவர் மெதுவாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல விளங்கப்படுத்தினார். அந்தச் சொல்லுக்கு அலகு என்றும் பொருளாம். எத்தனை அலகுகள் விற்கப் போகிறீர்கள், எத்தனை அலகுகளுக்கு உரிமம் வேண்டும்?

“ஒன்று” என்றேன். “ஒரு ஆள்.”

“ஒன்றுக்கு எங்களிடம் நடைமுறை இல்லை” என்றார்.

இலங்கையில் இந்தக் காப்புரிமை பதியப்பட்டிருக்கிறதா, அங்கே இது செல்லுமா என்று கேட்டேன். அது தன் பிரிவு இல்லை என்றார். கடிதம் எழுதிக் கேட்டேன். படிவத்தை நிரப்பி அனுப்புமாறு பதில் வந்தது. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதற்கு விடை தெரியாது. எங்கள் நாட்டில் அப்படி ஒரு தடை இருந்ததோ இல்லையோ, அந்தச் சதுரம் காத்தான்குடியில் ஒரு அறைக்குள் வந்து நின்றது. அதுதான் எனக்குத் தெரிந்தது.

5

இனி என் பங்கு.

பர்ஸானா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் படித்துப் பதிந்தாள். நாலு புத்தகம் சேர்ந்துவிட்டது. தவமலர் கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறிக் காத்தான்குடிக்கு வந்து, கணினிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டுப் போவாள். போக வர ஒரு நாளே போய்விடும். கடைசியில் பர்ஸானா ஒரு புத்தகத்தின் பதிவைப் பென்டிரைவில் ஏற்றி, போன் பேசவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் ஊரார் போகும் பக்கத்துக் கொமியூனிகேசன் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் தன்னிடம் இருந்த களவு மென்பொருள் ஒன்றால் எம்.பி.3 ஆக்கிக் கொடுத்தார். தவமலரின் கருவி அதைப் பாடியது. கல்வி உளவியல் புத்தகம்.

எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது தவமலரின் குரல் துள்ளியது.

“மச்சான், கோழிக்குத் தீன் போடக்குள்ளயும் கேக்கிறன். பாயில படுத்துக்கிட்டும் கேக்கிறன். மத்த மூண்டையும் அடுத்த கிழம குடுக்கப்போறாளாம்.”

அந்தச் சந்தோசத்தை நான் என்ன செய்தேன்? அடுத்த சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். பாருங்கள், நீங்கள் பயந்தீர்கள், எங்கட பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்றேன். எல்லோர் முன்னாலும், தேநீர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

சிவபாதம் அண்ணனுக்கு முகம் வெளுத்தது. சங்கத்தின் கணினியில் பதிந்ததைக் களவு மென்பொருளால் மாற்றுவதா? சங்கத்தின் பெயர் என்னாவது? உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கணினியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கையை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். கணினி போய்விட்டால் பதிவதற்கும் வழி இல்லாமல் போகும் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் முறையான அனுமதி வந்துவிடும் என்றும் நினைத்தேன். இப்போது எழுதும்போது கேவலமாக இருக்கிறது.

பர்ஸானாவுக்குத் தொலைபேசி எடுத்து நானே சொன்னேன்.

“அண்ணா, பரீட்சைக்கு இன்னம் ஆறு கிழமதான் இரிக்கி.”

“தெரியும் தங்கச்சி. கொஞ்சம் பொறுங்க. சரிவரும்.”

“கடக்காரரிட்ட போகப்படாதா?”

“போகவேணாம்.”

அவள் சரி என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. போகவில்லை.

பிறகு மாரி பிடித்தது. அந்த முறை மழை விட்டுக் கொடுக்கவே இல்லை. சித்தாண்டியில் வட்டை முழுக்கத் தண்ணீர். வயல் எது, வரம்பு எது என்று தெரியவில்லை. ஆறு றோட்டை மேவிப் பாய்ந்தது. பஸ் செங்கலடியோடு நின்றது. தவமலரின் வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். பதிவுகள் எல்லாம் காத்தான்குடியில், காய்ந்த அறையில், பத்திரமாக இருந்தன. தண்ணீர் வற்றி றோட்டுத் திறந்து நாலாம் நாள் பரீட்சை.

தவமலர் சொல்ல ஒருவர் எழுதினார். கல்வி உளவியலில் இருந்து வந்த எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாளாம், பக்கம் பக்கமாக. அந்த ஒரு புத்தகத்தைத்தான் அகதி முகாமாயிருந்த பள்ளிக்கூடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். மற்ற மூன்றும் அவளுக்கு அரைகுறை.

பர்ஸானா சித்தியடைந்தாள். தவமலர் தவறினாள். வயதெல்லை முடிந்தது.

6

சில வருடங்களில் அந்தக் காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. மென்பொருளின் புதிய பதிப்பில் அந்தத் துண்டைச் சேர்த்துவிட்டார்கள். என் மகளுக்கு அது எப்பவும் அப்படித்தான்.

கத்தியதற்கு அடுத்த நாள் அவளை இருத்தி முழுவதையும் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஜெர்மன். அவள் அந்த மென்பொருளைத் திறந்து, சேமிக்கும் பட்டியலில் கீழே இறங்கி, இன்னொரு வடிவத்தை அழுத்திக் காட்டினாள். கைத்தொலைபேசிகள் அதிகம் பாவிக்கும் வடிவமாம். சதுரம் வந்தது. வேறொரு மென்பொருள் துண்டு தேவை. நீங்களே தேடிப் பொருத்துங்கள். “இதுக்கு இன்னும் அந்தத் தடை இருக்கு” என்றாள். அன்றைக்கு அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. வேறெப்படியும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்தாள்.

சங்கம் இப்போது ஆண்டு மலர் போடுகிறது. ‘கிழக்கின் கல்விக்குக் கணினி’ என்ற தலைப்பில் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். ஐந்து மடிக்கணினிகளை மேசையில் அடுக்கி வைத்து எடுத்த படமும் போடுவார்களாம். நான் இதுவரை எழுதியதை அனுப்பினேன். சிவபாதம் அண்ணன் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, இது மலருக்குச் சரிவராது. மலர் வெளியீடு சந்தோசமான நிகழ்வு.”

“தெரியும் அண்ணன். அதாலதான் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பப்போறன்.”

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் நான் செய்யாமல் விட்டது. தவமலருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் இப்போது வீட்டு மண்டபத்தில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறாள். ஊர் அவளை டீச்சர் என்கிறது. கல்வித் திணைக்களத்தின் எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை.

“மச்சாள், அந்தக் கடக்காரரிட்ட போகவேணாம் எண்டு சொன்னது ஆரெண்டு தெரியுமா?”

“ம்.”

“சங்கத்தில சொன்னதும் நான்தான். கை உயத்தினதும் நான்தான்.”

“பர்ஸானா அண்டைக்கே சொல்லிட்டாள் மச்சான்.”

இத்தனை வருடமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கதைத்திருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை இதைப் பற்றிக் கேட்டதில்லை.

“ஏன் கேக்கல்ல?”

“நான் ஏன் கேக்கணும்? நீங்கதானே சொல்லணும். எப்ப சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்த நான்.” பிறகு சொன்னாள்: “பர்ஸானா வேலைக்குப் போன முதல் நாளே வந்து என்ட கையப் பிடிச்சி அழுதாள். அவள் ஒரு பிழையும் செய்யல்ல. எண்டாலும் வந்தாள்.”

“எழுதி அனுப்பப்போறன். உங்கட பேரப் போடலாமா?”

“போடுங்க. ஆனா என்னப் பாவம் எண்டு எழுதாதீங்க. அந்தக் கம்பனிக்காரர மட்டும் திட்டிப்போட்டு நீங்க தப்பவும் வேணாம்.”

“இல்ல. எழுதிட்டன், எல்லாம்.”

“அப்ப சரி. வைக்கிறன். பிள்ளையள் வந்திட்டாங்க.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.